மலாவிக்குப் போன பொன்னாடைகள்

அவையோரே, கையில் இருக்கிற முறுக்கைக் கொஞ்ச நேரம் கடிக்காமல் வைத்திருந்தால், ஒரு குட்டிக் கதை சொல்லிவிடுவேன். நீங்கள் எல்லோரும் சேர்ந்து கடித்தால் என் குரல் எனக்கே கேட்காது.

ஒரு ஊரில் ஒரு அறக்கட்டளை. நம்முடையது இல்லை... சத்தியமாக நம்முடையது இல்லை. யாரும் மேடையில் இருக்கிற தலைவரைப் பார்க்க வேண்டாம். அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில், பஸ் போகாத ஒரு மலைக் கிராமத்தில் பிரசவ ஆஸ்பத்திரி நடத்தினார்கள். நிர்வாகிகள் அத்தனை பேரும் தன்னார்வலர்கள். ஒரு பைசா சம்பளம் கிடையாது. பிறகு எதற்கு வந்தார்கள்? தொண்டுக்காக... கூடவே ஒரு சின்ன ஆசை. பொன்னாடை!

கூட்டம் தொடங்கினால் செயலாளர் தலைவருக்குப் போர்த்துவார். தலைவர் செயலாளருக்குப் போர்த்துவார். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து பொருளாளரைத் துரத்திப் பிடித்துப் போர்த்துவார்கள். தலைவர் சங்கரபாண்டியன் அண்ணாச்சி இருக்கிறாரே... அவர் கழுத்து பொன்னாடையிலேயே விளைந்த கழுத்து. ஒரு நாள் போர்த்தாமல் விட்டால் மறுநாள் தும்முவார். அந்தத் தும்மலில் தாமிரபரணி இரண்டு அடி பின்வாங்கும். நான் மிகைப்படுத்திப் பேசுகிறவன் இல்லை, உங்களுக்கே தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. திறப்பு விழாவுக்கு நிர்வாகக் குழு புறப்படுகிறது. விமான நிலையத்தில் எடை போட்டால், ஒரு பெட்டி கூடுதல். விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எதை விடுவது?

ஒரு பெட்டியில் பிறந்த குழந்தைகளைச் சுற்றுகிற துணி. அங்கே இருக்கிற நர்ஸ் தமாந்தா மாதக்கணக்காகப் போனில் கெஞ்சிக் கேட்ட துணி. இன்னொரு பெட்டியில்... வேறென்ன, பொன்னாடை.

செயலாளர் குற்றாலிங்கம் மெதுவாகக் கேட்டார். "அண்ணாச்சி, துணிப்பெட்டியை எடுத்துக்கிடுவமா?"

"ஏம்வே, விழாவில என்னை வெறுங்கழுத்தோட நிக்கச் சொல்லுதீரா?"

"அங்க இப்பம் குளிர்காலம். பிள்ளைகளுக்குக் குளிருமே."

"பிள்ளை அடுத்த மாசமும் பொறக்கும்வே. திறப்பு விழா ஒருக்காத்தான் வரும்."

துணிப்பெட்டி வீட்டுக்குத் திரும்பியது. பொன்னாடைப் பெட்டி மலாவிக்குப் பறந்தது.

விழா நாள். விடாத சாரல். குளிர் என்றால்... ஆவி பறக்கிற டீயைக் கொண்டுவந்து வைத்தால், டீ போர்வை கேட்கும். அந்தக் குளிரில் மேடை போட்டு நம் தலைவருக்கு... மன்னிக்கவும், அந்தத் தலைவருக்கு, வரிசையாகப் போர்த்துகிறார்கள். குழு போர்த்தியது. அந்தக் கிராமத்துத் தலைவர் கையிலும் ஒன்றைக் கொடுத்து அண்ணாச்சிக்குப் போர்த்த வைத்தார்கள். கட்டடம் கட்டிய மேஸ்திரியையும் விடவில்லை. கடைசியில் அண்ணாச்சியின் மூக்கு மட்டும் வெளியே தெரிகிறது.

அப்போது சேற்றில் ஒரு சைக்கிள் வந்தது. மிதித்து வந்தவர் பெயர் லிம்பானி. பின்னால் கேரியரில் அவர் மனைவி சிசோமோ. நிறைமாதம், வலி எடுத்துவிட்டது. குழந்தைக்கென்று எடுத்துவைத்த துணி மூட்டை, வழியில் ஓடையைத் தாண்டும்போது தண்ணீரோடு போய்விட்டது. தமாந்தா அவளைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோனாள்.

கொஞ்ச நேரத்தில் குழந்தை பிறந்தது. அழுதது... ஆனால் அது அழுகையா? கோழிக்குஞ்சு முனகுகிற மாதிரி ஒரு சத்தம்.

தமாந்தா வாசலுக்கு ஓடி வந்தாள். "ஐயா, துணிப்பெட்டி எங்கே? எடை குறைந்த பிள்ளை, உடம்பு சில்லிட்டுக்கொண்டே போகிறது. தாயின் மார்பில் போட்டிருக்கிறேன். இரண்டு பேரையும் மூட வேண்டும். இங்கே துவைத்துப் போட்டது ஒன்றும் இந்தச் சாரலில் காயவில்லை."

குற்றாலிங்கம் அண்ணாச்சியைப் பார்த்தார். பொருளாளர் தன் செருப்பைப் பார்த்தார். பொன்னாடைக் குவியலுக்குள்ளே இருந்து ஒரு குரல் வந்தது.

"வே, குற்றாலிங்கம்."

"அண்ணாச்சி?"

"நின்னு பார்த்துக்கிட்டு இருக்கீரே. உரியும்வே என்னை."

உரித்தார்கள். முட்டைக்கோஸ் உரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக உரித்தார்கள். உரிக்க உரிக்க உள்ளே ஒரு ஒல்லி மனிதர் வெளிப்பட்டார். பல வருடம் பழகிய பொருளாளரே அவரைப் பார்த்து, "சார் யாரு?" என்று கேட்டுவிட்டார்.

சரிகை குத்தாமல், மெத்தென்று இருந்த பக்கத்தை உள்ளே வைத்து, தாயையும் பிள்ளையையும் தமாந்தா மூடினாள். ஒன்றின் மேல் ஒன்று. எல்லோரும் வாசலிலேயே நின்றார்கள். பிறகு... ஒரு அழுகை வந்தது பாருங்கள். பக்கத்து நாடான மொசாம்பிக்கில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

லிம்பானி கண்ணைத் துடைத்துக்கொண்டு தமாந்தாவிடம் கேட்டார். "இந்த மினுங்குகிற துணியை இவருக்கு ஏன் போர்த்தினார்கள்?"

"அவர்கள் ஊர் வழக்கம். பெரிய காரியம் செய்தவர்களுக்குப் போர்த்துவார்கள்."

"என் மகள் இப்போதுதானே பிறந்தாள். அவள் என்ன பெரிய காரியம் செய்துவிட்டாள்?"

தமாந்தா அதை அண்ணாச்சியிடம் சொன்னாள். வெறுங்கழுத்தோடு, பல் கிட்டிக்க நின்றுகொண்டிருந்த அண்ணாச்சி சொன்னார்: "உசுரோட இருக்காள்லா... அதுக்குத்தான்."

இப்போது உங்களிடம் வருகிறேன். நாம் கூலி வாங்காமல் உழைக்கிறோம். உண்மை. அதற்காக மரியாதை கேட்பதும் தப்பில்லை. ஆனால் நிர்வாகி என்றால் யார்? எந்தப் பெட்டி விமானம் ஏற வேண்டும் என்று முடிவு செய்கிறவர். அந்த நேரத்தில் நம் கழுத்து ஞாபகம் வருகிறதா, ஏதோ ஒரு மலையில் இன்னும் பிறக்காத பிள்ளையின் ஞாபகம் வருகிறதா? ... அதைத்தான் கேட்கிறேன். நம் குழுவும் புதன்கிழமை பெட்டி கட்டிப் புறப்படுகிறது. அதனால் கேட்கிறேன்.

அதோ, அந்தத் தட்டில் எனக்கென்று ஒரு பொன்னாடை மடித்து வைத்திருக்கிறீர்கள். மாம்பழக் கலர், எனக்குப் பிடித்த கலர்தான். அதை அப்படியே நம் குழு கொண்டுபோகிற துணிப்பெட்டியில் போட்டுவிடுங்கள். தலைவர் கண்ணாடியைத் துடைக்கிறார்... துடைத்து முடித்ததும் அவர் தோளில் இருப்பதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ம்... இனி முறுக்கைக் கடிக்கலாம்.