ஆறாவது கறுப்பு

— மறுபடியும் கறுப்பா! அக்கா, தப்பா எடுத்துக்காதே, இது ஆறாவது தடவை.

— எண்ணத் தெரியுதே, சந்தோஷம். போ, போய் அப்பாகிட்ட கார் சாவியை வாங்கிட்டு வா.

— இரு, இரு. ஞாயித்துக்கிழமையிலேருந்து பாக்குறேன். இந்த செஸ் ஆப்பைத் திறந்தாலே உனக்கு வெள்ளை, எனக்குக் கறுப்பு. அது என்ன, உன் மாமியார் வீட்டு ஆப்பா?

— பேச்சு மாறாதே. வெள்ளை வந்தவங்க தப்பிச்சாங்க, கறுப்பு வந்தவங்க போய் சாவியை வாங்கணும்னு யோசனை சொன்னதே நீதான். முதல் கறுப்புக்கு ‘அது ஒத்திகை’ன்னே. ரெண்டாவதுக்கு சிக்னல் இல்லேன்னே. மூணாவதுக்குத் தும்மல் வந்துச்சுன்னே.

— தும்மினது நிஜம்.

— அப்பாவுக்குக் கண்ணு மங்கிட்டே வருது, ஒத்துக்கவே மாட்டேங்குறார். நேத்து மறுபடியும் வண்டியை கேட்ல இடிச்சிட்டு, கேட்டை யாரோ நகர்த்தி வெச்சுட்டாங்கன்னு சண்டை வேற. இனிமே ஆளை இடிக்கிறதுதான் பாக்கி.

— தெரியும் அக்கா. அவர் முன்னால போய் நின்னாலே எனக்குத் தொண்டை அடைச்சுக்குது.

— எனக்கு மட்டும் பாட்டா வருது?

— அதுக்காக ஆறு தடவையும் நானேவா? நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். ஒரு லிஃப்ட் ஆறு தடவையும் மூணாவது மாடியிலேயே நின்னா, தலையெழுத்துன்னு கும்பிட்டுட்டு வர மாட்டேன். மூடியைக் கழட்டிப் பாப்பேன்.

— நான் மருந்துக்கடையில நிக்கிறவ. போன வாரம் வரிசையா ஏழு பேர் இருமல் மருந்து கேட்டாங்க. ஊரே இருமுதுன்னு பெட்டி பெட்டியா எடுத்து முன்னால அடுக்கினேன். எட்டாவது ஆள் வந்து சீப்பு கேட்டான்.

— அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— சுண்டிவிடுற காசுக்கு ஞாபகம் கிடையாதுடா. போன தடவை இவனுக்குக் கறுப்பு கொடுத்தோமே, பாவம், இந்தத் தடவை வெள்ளை கொடுப்போம்னு அது யோசிக்காது. போன மாசம் நாம சும்மா ஆடினப்போ உனக்கு வரிசையா நாலு வெள்ளை. அப்போ எந்த மூடியைக் கழட்டினே?

— அது என் திறமை.

— நிறம் வர்றதுல என்னடா திறமை?

— தப்பா எடுத்துக்காதே அக்கா, ஒவ்வொரு தடவையும் ஆட்டத்துக்கு அழைப்பு உன் போன்லேருந்துதான் வருது. அனுப்புறவங்க நிறத்தையும் தேர்ந்தெடுக்கலாமாம், கூட வேலை செய்யிறவர் சொன்னார். வெள்ளை, கறுப்பு, ஆப்பே ஏதாவது ஒண்ணைக் கொடுக்குற ரேண்டம்னு மூணு பொத்தானாம். போனைக் காட்டு.

— கூடப் பிறந்தவளையே சந்தேகப்படுறியா?

— கூடப் பிறந்ததாலதான்.

— இந்தா. நல்லா கண்ணைத் திறந்து பாரு. எதுல டிக் இருக்கு?

— ரேண்டம்.

— சத்தமா.

— ரேண்டம்! அப்போ இந்த ஆறும் தானாவே வந்ததா? ஐயையோ.

— எதுக்குடா ஐயையோ? ஒரு மன்னிப்பு கேளு, போதும்.

— கொஞ்சம் பெரிசா கேக்க வேண்டியிருக்கும். மணி என்ன அக்கா?

— அஞ்சரை. ஏன் ஜன்னலையே பாக்குறே? அட, அப்பா வர்றார்! நடந்தா வர்றார்? தெருமுனைக் கடைக்கே காரை எடுக்குறவராச்சே! கார் எங்கே?

— கார் வராது. சாவி என் பாக்கெட்ல இருக்கு.

— என்னது!

— காலையிலேயே வாங்கிட்டேன். நீ ஏமாத்துறேன்னு அஞ்சாவது கறுப்புலயே முடிவு பண்ணிட்டேன் அக்கா. அந்தக் கோவத்துல, ‘எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, உங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு சாவியை வாங்கிட்டு வரச் சொன்னது அக்காதான்’னு சொல்லிட்டேன். உன் பேரைச் சொன்னதும் தொண்டை அடைக்கவே இல்லை. சாவியைத் தூக்கி என்கிட்ட எறிஞ்சுட்டு, சாயங்காலம் அவளையே நேர்ல வந்து கேக்குறேன்னார்.

— அடப்பாவி! அப்புறம் எதுக்குடா இந்த ஆறாவது?

— உன்னைக் கையும் களவுமா பிடிக்கத்தான்.

— ரொம்ப நல்லா பிடிச்சே. போ, நீயே கதவைத் திற, நீயே பேசு.

— சத்தியமா முழுப் பழியையும் நானே ஏத்துக்குறேன். வாங்கப்பா, வாங்க.

— எங்கே அவ? ஏம்மா, எனக்கா கண்ணு தெரியலை? நாப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன்! மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்காதே, பதில் சொல்லு!

— அப்பா, நான் இந்தப் பக்கம் இருக்கேன். நீங்க திட்டுறது ஆணியில மாட்டின என் ரெயின்கோட்டை.

— அப்பா, அக்கா மேல தப்பே இல்லை. முடிவு என்னோடது. திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க.

— உன்னை அப்புறம் வெச்சுக்குறேன். முதல்ல யாராவது தண்ணி கொடுங்க. அந்தச் சாவி... உன்கிட்டயே இருக்கட்டும். கண் டாக்டரைப் பாக்குற வரைக்கும்தான், சொல்லிட்டேன்.

— சரிப்பா, நீங்க உள்ளே போய் உக்காருங்க. அக்கா, என்னை மன்னிச்சுடு. இனிமே உன்னைச் சந்தேகப்பட்டேன்னா நான் மனுஷனே இல்லை!

— மெதுவா பேசு, அவருக்குக் காது நல்லாவே கேக்கும். மனசு உறுத்தி, அந்தப் பொத்தானை இன்னைக்குக் காலையிலதான் ரேண்டத்துக்கு மாத்தினேன். முதல் அஞ்சு கறுப்பும் நான் கொடுத்ததுடா. இந்த ஆறாவது மட்டும்தான் தானா வந்தது.