பின்னால் போட வேண்டிய இரண்டு டயர்

வேலுமணி அய்யா, டயர் வாங்குவதில் அவசரப்படக் கூடாது. நாமக்கல்லில் நான்கு லாரி வைத்து ஓட்டிய உங்களுக்கு நான் போய் இதைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் உங்கள் பக்கம் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லில் நிற்கிற ஈரம். இங்கே நியூஜெர்சியில் அது முழங்கால் உயரத்துக்கு விழுந்து, தார் ரோட்டோடு ரோடாக இறுகிக் கிடக்கும். அதில் ஓடுகிற டயரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றது தானாகப் புரியும்.

ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அகலமான, வழவழப்பான டயர் போட்டு விற்பார்கள். வெயிலில் அது ரோட்டைக் கவ்விக்கொண்டு ஓடும். குளிர் வந்தால் அந்த ரப்பர், ஃப்ரிட்ஜில் வைத்த செருப்பு மாதிரி விறைத்துப் போகும். பனிக்காலத்துக்கென்று தனி டயர் உண்டு. அதன் ரப்பர் எவ்வளவு குளிரிலும் இளக்கமாகவே இருக்கும், ரோட்டில் படுகிற பட்டன்களில் மெல்லிய வெட்டுகள் இருக்கும். போட்டால் நான்கும் போட வேண்டும். இதை நான் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து, மூன்று பத்திரிகைகள் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நான் எதையும் விசாரிக்காமல் செய்கிறவன் இல்லை.

ஜெர்சி சிட்டியில் நம் ஆட்களுக்கு அது தெரியும். ரைஸ் குக்கர் வாங்குவதா, பழைய கார் வாங்குவதா, எந்தப் பல் டாக்டர், எல்லாவற்றுக்கும் "நஞ்சுண்டன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க" என்பார்கள். உங்கள் பிள்ளை செழியனும் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தான். எனக்குச் சத்தியமங்கலம், அவனுக்கு நாமக்கல், இரண்டு பேரும் ஒரே வங்கியின் கம்ப்யூட்டர் சென்டரில் கான்ட்ராக்ட் வேலை. ஜர்னல் ஸ்கொயர் பக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு அறையை அவனுக்குக் கொடுத்தோம். என் மனைவி யாமினி கையால் இரண்டு வருடம் சாப்பிட்டான். அவனுக்கு நான் கெடுதல் நினைத்ததே கிடையாது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

என் மகள் வெண்பாவைப் பற்றி அவன் உங்களிடம் போனில் சொல்லியிருப்பான். பிறக்கும்போதே காது கேட்காது. நியூயார்க்கில் ஆபரேஷன் செய்து காதுக்குள் ஒரு கருவி வைத்தார்கள். அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள் ஒரு டீச்சரம்மா அவளுக்குச் சத்தங்களைப் பழக்கினார். ஐந்து வருடம் விடாமல் பழக்கினால் பேச்சு வரும், நடுவில் விட்டால் போட்டதெல்லாம் வீண் என்றார்கள். இரண்டு மொழி வேண்டாம், குழந்தை குழம்பும் என்றும் சொன்னார்கள். அதனால் நாங்கள் அவளிடம் தமிழே பேசவில்லை. செழியன் மட்டும் கேட்கவில்லை. ஜன்னலோரம் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு கீழே போகிற வண்டிகளைக் காட்டி "லாரி, லாரி" என்பான். அவள் "லாயி" என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை இன்றைக்கும் அதுதான்.

என் விசா முடிய ஒன்றரை வருடம்தான் இருந்தது. கிரீன் கார்டுக்கு அப்போதே கம்பெனி மனுப்போட்டால்தான் உண்டு, இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஊரில் அந்தக் கருவியைத் தொட்டுப் பார்க்கக்கூட, நான் விசாரித்தவரை, ஆள் இல்லை. தொண்ணூற்றாறு ஜனவரியில் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, வங்கி ஒருவரைத்தான் நிரந்தரமாகக் கேட்கிறது, அந்த ஒருவருக்கு மனுப்போடுகிறோம், பிப்ரவரி கடைசியில் சொல்கிறோம் என்றார். நான் பழைய மெஷின் ஆள். செழியனுக்குப் புதிதாக வந்த எல்லாமே தண்ணீர் பட்ட பாடு. யார் பெயர் வரும் என்று எங்கள் ஆபீஸில் காபி கொண்டு வருகிறவருக்குக்கூடத் தெரியும். அந்த மாதம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. வெண்பா தூக்கத்தில் ஏதோ உளறுவாள். அந்தச் சத்தம் நின்றுவிடுமே என்று எழுந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தச் சிவப்புக் காரை அவன் முந்தின கோடையில் வாங்கியிருந்தான். இரண்டு கதவு, தரையோடு தரையாக உட்காரும். முன்சக்கரம் இழுத்து ஓடுகிற வண்டி. தினமும் காலையில் அதில்தான் இரண்டு பேரும் ஒன்றாக வேலைக்குப் போவோம், ஐம்பது நிமிஷம். ஜனவரியில் அந்தப் பெரிய பனி விழுந்த பிறகு, கார் கோயில் தேர் மாதிரி ஆடி ஆடிப் போனது. "அண்ணா, டயர் மாத்தியே ஆகணுங்ண்ணா, நீங்க பாத்து ஒண்ணு சொல்லுங்க" என்றான். நான் பார்த்துச் சொன்னேன். நல்ல டயர்தான் சொன்னேன்.

கடைக்கு இரண்டு பேரும் போனோம். அந்த அளவில் இரண்டுதான் கையிருப்பு, மற்ற இரண்டு வர ஒரு வாரமாகும் என்றார் கடைக்காரர். செழியன் நான்குக்கும் சொல்லிவிட்டு, ஆர்டர் சீட்டில் எங்கள் வீட்டு போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, வண்டியைப் பின்பக்கம் கொண்டுவரப் போனான். அப்போது கடைக்காரர் என்னிடம் சொன்னார். நான்கும் வருகிறவரை இந்த இரண்டைப் போடாமல் இருப்பது நல்லது. அவசரம் என்றால் பின்னால் போடுங்கள். முன்னால் மட்டும் போட்டால், திருப்பத்தில் முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் விலகிச் சுழன்றுவிடும், யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. கைகளை வைத்து மேஜைமேல் சுழற்றிக்கூடக் காட்டினார். நான் நன்றி சொன்னேன். எனக்கு அது முன்பே தெரியும், பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள்.

டயர்களை ரிம்மில் மாட்டி, பின்சீட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் செழியன் தானே ஜாக்கி போட்டான். லாரிக்காரர் வீட்டுப் பிள்ளை, சக்கரம் கழற்ற அவனுக்கு ஆள் வேண்டுமா என்ன. குளிரில் கையை ஊதிக்கொண்டே கேட்டான்.

"முன்னாடிங்களா, பின்னாடிங்களாண்ணா? கடைக்காரரு என்னமோ சொல்லிட்டிருந்தாரே?"

"உங்கப்பா லாரிக்குப் புது டயர் வந்தா எங்க போடுவாரு?"

அவன் சிரித்தான். "இதென்னங்ண்ணா கேள்வி, முன்னாடிதான்."

"அப்பறம் என்ன?"

நான் சொன்னது அவ்வளவுதான் அய்யா. ஒரு பொய்கூட இல்லை. நம் ஊர் லாரிக்கு அதுதான் சரி. முன்டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது, அதனால் புதிது முன்னால், பழையது பின்னால். அதை நீங்கள் அவனுக்குச் சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்திருந்தீர்கள். அப்படியும் அவனுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் போன் செய்தபோது கேட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெண்பாவுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உங்கள் குரல் எனக்கே கேட்டது. "முன்னாடிதாண்டா போடோணும், பேச்சென்ன" என்றீர்கள். அவன் திருப்தியாகப் போனை வைத்தான். எனக்கும் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இனிமேல் இது நான் சொன்னதாக இல்லை.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். ஒரு கை உடையும், இரண்டு மாதம் வீட்டில் இருப்பான், அதற்குள் பிப்ரவரி போய்விடும் என்று நினைத்தேன். யாமினி அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பாள். நானே ஊட்டிவிட்டிருப்பேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன்.

புதன்கிழமை சாயந்திரம், செழியன் கீழே வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் நான் வீட்டுக்கு முதலில் வந்துவிட்டேன். ஆன்சரிங் மெஷினில் சிவப்பு விளக்கு மின்னியது. டயர் கடைக்காரர் பேசிப் பதிவு செய்திருந்தார். மற்ற இரண்டும் சொன்னதற்கு முன்பே வந்துவிட்டன, வெள்ளிக்கிழமை பனி என்கிறார்கள், நாளைக்கே வந்து மாட்டிக்கொள்ளுங்கள் என்று நிதானமாகச் சொல்லியிருந்தார். இரண்டு தடவை கேட்டேன். பிறகு அழித்துவிட்டேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது செழியன், "டயர் கடையில இருந்து போன் ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்று யாமினியைக் கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே பனி கொட்டியது. அந்தக் காரை வாங்கின நாளிலிருந்து ஒரு நாள்கூட நான் அவன் பக்கத்து சீட்டை விட்டதில்லை. அன்றைக்கு, வெண்பாவை டீச்சரம்மாவிடம் நானே கூட்டிப் போகப் போகிறேன், லீவு போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அன்று அவளுக்கு வகுப்பே கிடையாது. யாமினி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

"மெதுவாப் போ செழியா" என்றேன்.

"முன்னாடி புது டயருங்ண்ணா, பயமே இல்ல. நீங்க வெண்பாவப் பாத்துக்குங்க" என்றான். வெண்பா ஜன்னலில் நின்று கையாட்டினாள்.

ஹைவேயிலிருந்து இறங்குகிற வளைவில் அது நடந்தது. கடைக்காரர் மேஜைமேல் கையால் காட்டினது போலவேதான் நடந்திருக்கிறது. பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அதற்குமேல் உங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் நான்தான் செய்தேன். தமிழ்ச் சங்கத்தில் சொல்லி ஆள் திரட்டியது, பேப்பர்களில் கையெழுத்து வாங்கியது, உடலை ஊருக்கு அனுப்பியது, எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. நீங்கள் போலீஸ் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லச் சொன்னீர்கள். நான் ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். முன்னால் பனி டயர், பின்னால் சாதா டயர், அதனால் வண்டி சுழன்றது என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னீர்கள். பிறகு நீங்கள், "நாந்தானுங்களே முன்னாடி போடச் சொன்னேன்" என்றீர்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "விதிங்கய்யா, நாம என்ன பண்ண முடியும்" என்று சொன்னேன்.

பிப்ரவரி கடைசியில் மேனேஜர் என் பெயரைச் சொன்னார். வேறு பெயர் இல்லை.

இப்போது பக்கத்தில் எடிசன் என்கிற ஊரில் சொந்த வீடு. வெண்பாவுக்குப் பன்னிரண்டு வயசு, பள்ளிக்கூட மேடையில் ஏறிப் பேசுகிறாள். அந்த இரண்டு டயரையும் நான் பிறகு போய் வாங்கி வந்துவிட்டேன். கடையிலேயே கிடந்தால் யாராவது எதையாவது கேட்பார்கள். கராஜில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்வை போர்த்தி வைத்திருக்கிறேன். வெண்பா அதன்மேல் உட்கார்ந்துதான் ஷூ லேஸ் கட்டுகிறாள். ஹைவேயில் பெரிய வண்டி ஏதாவது எங்களைத் தாண்டினால், பின்சீட்டிலிருந்து இன்னமும் "லாரி" என்கிறாள். இப்போது ரகரம் சுத்தமாக வருகிறது. அப்போதெல்லாம் நான் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுகிறேன்.

போன மாதம் உங்கள் வீட்டம்மா நாகரத்தினம் எழுதின கடிதம் வந்தது. லாரியெல்லாம் விற்றாகிவிட்டது, இவர் யாரோடும் பேசுவதில்லை, சோறு வைத்தால் சாப்பிடுகிறார், தின்னும்போதே நிறுத்திவிட்டு "முன்னாடி போடச் சொல்லிட்டேனே" என்கிறார், இந்த ஐந்து வருடத்தில் அந்த ஒரு பேச்சுதான், நீங்க படிச்சவுங்க, அவருக்கு ஆறுதலா நாலு வரி எழுதுங்க தம்பி என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நான் கராஜில் போய் உட்கார்ந்து அழுதேன். இப்படியே நெஞ்சு வெடித்துச் செத்துவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் மேல் தப்பே இல்லை அய்யா. லாரிக்கு நீங்கள் சொன்னது சரி. காருக்கு எது சரி என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் அவனை உங்களிடம் கேட்க விட்டேன். கடைக்காரர் சொன்னதை மறைத்தது நான். போனில் வந்த செய்தியை அழித்தது நான். பனி விழுகிற அன்று பார்த்து காரில் ஏறாதவன் நான். உண்மையிலேயே கை மட்டும்தான் உடையும் என்று நினைத்திருந்தால், அன்றைக்கும் பக்கத்து சீட்டில் பயமில்லாமல் உட்கார்ந்திருப்பேன். உங்கள் பிள்ளையைக் கொன்றது நான்தான்.

இதை நீங்கள் வாசித்துவிட்டால் ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கும் என்று எனக்குத் தெரியும். உங்களை இன்னும் இப்படித் தவிக்கவிட எனக்கு மனசு வரவில்லை. கிரீன் கார்டு இந்த வருடம் ஏப்ரலில்தான் வந்தது. குடியுரிமைக்கு இன்னும் ஐந்து வருடம், அதற்கு நன்னடத்தை எல்லாம் பார்ப்பார்கள். கவரில் உங்கள் விலாசம் எழுதி ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன். குடியுரிமை கையில் கிடைத்த அன்றைக்கே இதைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன். அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அய்யா.