மருமவளுக்கு வச்ச மூணு பேரு

என்ன யக்கா, மாமியாக்காரி வாயத் தொறந்தா மருமவளத்தான் நொட்ட சொல்லுவான்னுட்டு காதத் தீட்டிட்டு ஒக்காந்திருக்கியளாக்கும்? அதான் இல்ல! எம் மருமவ பொன்செல்வி தங்கம். நான் வையுதது இந்த டாக்டரம்மாவ. பிள்ள பொறந்தா பிள்ளைக்குப் பேரு வைக்கலாம்... இவிய பெறதுக்கு முன்னாடியே தாய்க்குல்லா பேரு வைக்காவ! அதுவும் ஒண்ணா ரெண்டா, மூணு!

மொதப் பேரு பிரைமி. தலப்பிரசவமாம். சரி, அத விடுங்க, கேக்கதுக்கு சினிமாக்காரி பேரு கணக்கா இருக்கு. ரெண்டாவது ஐயூஜிஆர். வயித்துப் பிள்ள மாசத்துக்குத் தக்கன வளரலையாம். மூணாவது போஸ்ட் டேட்ஸ். நாளு கடந்துட்டாம். ஏம்மா, வளரவும் இல்ல, நாளும் கடந்துட்டுன்னா உள்ள அது என்னதான் செய்யுது, ஒறங்குதா? கேட்டுட்டம்லா! டாக்டரம்மா கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கிட்டு, "யம்மா... நாப்பத்தியோரு வாரம். பிள்ள ரெண்டரைக் கிலோ கூட இல்ல. இன்னிக்கே வலி ஊசி போட்டு எடுத்துரணும்"ங்கா. அந்தக் கொரலக் கேட்டா நமக்கே வலி வந்துரும் போங்க!

நீங்க உள்ள வார்டப் பாத்தியளா? அங்கன ஒருத்திக்கும் ஆத்தா அப்பன் வச்ச பேரு கெடையாது. சிஸ்டரு கூப்பிடுததக் கேக்கணுமே... "ஏ பிரீச்சு, எந்திரி! ட்வின்ஸு, சாப்ட்டாச்சா? ஏ சுகரு, அந்த வாழப்பழத்தக் கீழ வை!" பிரீச்சுன்னா பிள்ளைக்குத் தல மேல, காலு கீழ. சன்னலோரத்துக் கட்டில்ல நஃபீஸத்துன்னு ஒரு பிள்ள, எவ்வளவு அழகான பேரு! அதுக்கு பிரீவியா. நஞ்சுக்கொடி கீழ எறங்கி வாசல மறிச்சிட்டு ஒக்காந்திருக்காம். அவ மாமியா பைய எங்கிட்ட வந்து, "ஒங்க மருமவளுக்கு எத்தன?"ன்னு கேட்டாவ. மூணுன்னேன். மொகம் சுருங்கிப் போச்சு பாவம், அவியளுக்கு ஒண்ணுதான! எனக்கு ஒரு நிமிசம் பெருமையா இருந்துச்சுன்னா பாத்துக்கிடுங்க... சவம், இதுல என்ன பெருமை... தூ தூ, பிள்ள பெக்கிற எடத்துல என்ன வார்த்த வருது எனக்கு!

இதுக்கெல்லாம் மூலம் அந்த ஸ்கேன்காரன்தான். அஞ்சாம் மாசமே ஆரம்பிச்சிட்டான். "யம்மா, தேதி சரிதானா? ஒரு மாசம் கொறையுதே"ன்னான். "ஒம் மிசினு சரிதானா?"ன்னேன். என்ன, இன்னும் முன்னாடியே ஸ்கேன் எடுக்கலையான்னா கேக்கிய? கண்ணு பட்டுரும்னு நாலு மாசம் யாருக்கும் மூச்சு விடலையே! பெறவு பதியப் போனா, கடைசியா வீட்டுக்குத் தூரமாயிக் குளிச்ச தேதி என்னன்னு கேட்டாவ. அவ வாயத் தொறக்கதுக்குள்ள நான் சொல்லிட்டேன், ஆனி அஞ்சுன்னு. சின்னப் பிள்ள, அதுக்குத் தேதி என்ன தெரியும்!

இங்க பாருங்க யக்கா, எங்க வீட்டுல எல்லாம் மொறப்படி. வைகாசில கல்யாணம். ஆடி பொறக்கவும் இந்தா, சொவத்தோட சாஞ்சு நிக்காவல்லா, எங்க சம்மந்தி முத்துராணி, வந்து பொண்ண வீரவநல்லூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ. ஆடில சேந்தா சித்திரைல பிள்ள பொறக்கும். சித்திரைப் பிள்ள குடும்பத்துக்கு ஆவாதும்பாவ. எங்க தெருவுல மாரிக்கண்ணு மருமவ ஒருத்தி சித்திரைல பெத்தா... யாத்தே, நான் பேசுன பேச்சு கொஞ்சமா? ஒரு வருசம் பேசுனேன்! அந்தப் பிள்ள நடக்க ஆரம்பிச்ச பெறவுதான் நிப்பாட்டுனேன். எம் மவன் பேச்சிராஜு அப்படி இல்ல. பேட்டைல லேத்துப் பட்டறைல வேல. ஆடி மாசம் பூராவும் ஓவர்டைமு. வீட்டுக்கு வந்தா "சோறு வேண்டாம், பசிக்கல யம்மா"ம்பான். பாவம், வேல பாத்த அலுப்பு!

யாரு சிஸ்டர், பொன்செல்வி வீட்டாளா? நாந்தான், நாந்தான். ஊசிக்குக் கையெழுத்தா? போட்டுட்டாப் போச்சு. பங்குனி முடியுததுக்குள்ள பிள்ள கைக்கு வந்துட்டா எல்லாருக்கும் நல்லதுதான. யக்கா, இந்தப் பையச் சித்தப் புடிங்க... எங்க போடணும், இங்கனயா... யம்மோவ்! முத்துராணி மைனி, என்னத்துக்குப் பேனாவப் புடுங்குதிய? காலைலருந்து வாயே தொறக்கல, இப்ப என்ன வந்துச்சு ஒங்களுக்கு?

"ஊசி போட்டுராதிய சிஸ்டர்! அது ஆனி இல்ல, ஆடி! ஆடி அஞ்சாந்தேதி அவ எங்க வீட்டுலதான் குளிச்சா. மருமவன் தெனமும் பட்டறை முடிஞ்சு வீரவநல்லூர்ல எறங்கி எங்க வீட்டுலதான் சாப்ட்டாவ. தெரு சிரிக்கும்னு இந்த மைனிதான் ஒரு மாசத்தக் கூட்டிச் சொல்லிட்டாவ. பிள்ள நல்லாத்தான் வளந்திருக்கு சிஸ்டர், அதுக்கு இன்னும் நாளு வரல!"

...

என்ன யக்கா, அப்படிப் பாக்கிய?

ஒரு மாசந்தான... முன்னப் பின்ன இருந்தா என்ன, வாரப்ப வரும்னு நெனச்சேன்... இவிய ஊசி போட்டு எடுப்பாவன்னு அன்னிக்கு எனக்கு என்ன தெரியும்...

சிஸ்டர், பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா? இன்னும் ஒண்ணும் போடலல்லா?

ஆமா சிஸ்டர். ஆடி. கேக்குதா... ஆடி அஞ்சு. அந்த ஆனிய அடிச்சிட்டு எழுதுங்க.