ஒற்றை மரத்துத் தாளம்

அண்ணி: ...கையை எடு. அந்தப் பட்டனைத் தொடாதே. இப்பக் கேளு.

கொழுந்தன்: கேட்டுக்கிட்டுதானே இருக்கேன் அண்ணி. அடியில ஓடுறது மணல் சரியுற சத்தம். பாலைவனத்துல மேடு ஏறிக் குப்புறப் படுத்துக்கிட்டு எடுத்தேன்.

அண்ணி: அதுக்கு மேல என் வயலின். ரெண்டும் எந்த இடத்துல சேருதுன்னு சொல்லு பார்ப்போம்.

கொழுந்தன்: இதோ... இல்ல, இங்க... அட, தெரியலையே.

அண்ணி: வாசிச்ச எனக்கே தெரியலை. நேத்துலேர்ந்து கால் தரையில பாவலை. பாலை அடுப்புல வச்சுட்டு இங்க வந்து உட்கார்ந்துட்டேன். உங்க அண்ணன் கத்தின கத்து...

கொழுந்தன்: அதான் வீடெல்லாம் கருகல் வாடையா? நான் புதுப் பலகாரமோன்னு...

அண்ணி: வாயை மூடு. புல்லாங்குழல் வருது... காத்து அதைத் தள்ளிக்கிட்டு வருது... இப்ப பாரு. டக் டக்... டக். டக் டக்... டக். உடம்பு சிலிர்க்கலை உனக்கு?

கொழுந்தன்: ம்.

அண்ணி: என்ன ம்? இதுக்கு முதுகெலும்பே இந்தத் தட்டுதான். தாளக்காரர் கேட்டுட்டு, இனி நான் எதுக்குன்னு வாத்தியத்தை உறையில போட்டுக்கிட்டார்.

கொழுந்தன்: அவருக்கு ஒரு சாக்கு கிடைச்சா போதும்.

அண்ணி: இது என்ன சத்தம்னு சொன்னே?

கொழுந்தன்: மரம் அண்ணி. காஞ்ச மரம். காத்துல கிளையும் கிளையும் மோதுது. அந்தப் பக்கத்துல இருக்கறதே அந்த ஒத்தை மரம்தான்.

அண்ணி: நல்லதாப் போச்சு. மரம் எங்கயும் ஓடிடாது. நாளைக்கு ஜீப்பை எடுத்துக்கிட்டுப் போயிட்டு வா.

கொழுந்தன்: எதுக்கு?

அண்ணி: இருக்கறது ஒரு நிமிஷம்கூட இல்லையே. புது அரங்கத்துக்காரங்க கேட்டுட்டுக் குதிக்கிறாங்க. திறப்பு விழாவுக்கு இதுதானாம். ஆனா இந்தத் தாளம் கடைசி வரைக்கும் வேணுமாம்... இல்லாட்டி வேற ஆளைப் பார்ப்பாங்களாம்.

கொழுந்தன்: இருக்கறதையே திரும்பத் திரும்ப ஒட்டினா?

அண்ணி: ஒட்டிப் பார்த்தேன், கடிகாரம் மாதிரி ஆயிடுச்சு. இதுல ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு தினுசு. போகப் போக எப்படித் தளருது கேளு...

கொழுந்தன்: காத்து நின்னிருக்கும்.

அண்ணி: காத்து கூடிக்கிட்டுல்ல போகுது?

கொழுந்தன்: ...நான் வேணா மேசையில தட்டித் தர்றேனே. யாருக்குத் தெரியப் போகுது?

அண்ணி: எனக்குத் தெரியும். என்ன தம்பி, பாலைவனம்னா பறப்பே. இப்ப போன்னா நழுவுறே?

கொழுந்தன்: வேலை இருக்கு.

அண்ணி: என்ன வேலை?

கொழுந்தன்: மைக்கை... துடைக்கணும்.

அண்ணி: துடைச்சுட்டுப் போ.

கொழுந்தன்: டிரைவருக்கு உடம்பு முடியலை.

அண்ணி: தனியாப் போயேன். வழிதான் உனக்குத் தண்ணி பட்ட பாடாச்சே. அந்த மரத்தடியில உட்கார்ந்து...

கொழுந்தன்: மரமே இல்ல அண்ணி.

அண்ணி: அப்ப இந்த டக் டக்?

கொழுந்தன்: திடீர்னு புழுதிக் காத்து. ஜீப் எந்தப் பக்கம்னே தெரியலை. நடந்தேன், நடந்தேன்... கேன்ல தண்ணியும் தீர்ந்து போச்சு. டிரைவர் காதுல விழட்டும்னு அந்தக் காலிக் கேனைத்தான் தட்டினேன். ரெக்கார்டரை நிறுத்தக்கூடத் தோணலை. ரொம்பப் பயந்துட்டேன் அண்ணி. அவர் வந்து சேரும்போது கை ஓய்ஞ்சே போச்சு.

அண்ணி: இதை ஏன் சொல்லலை?

கொழுந்தன்: திரும்பப் போட்டுக் கேட்கவே தைரியம் இல்ல. மெமரி கார்டை அப்படியே உங்ககிட்ட குடுத்துட்டேன். மறுநாள் வந்தா நீங்க இந்தத் தட்டைக் கேட்டுட்டுக் குழந்தை மாதிரி குதிக்கிறீங்க... வாய்க்கு வந்ததைச் சொல்லி வச்சேன். அண்ணனுக்குத் தெரிஞ்சா இனி என்னை வாசலைத் தாண்ட விடமாட்டார். ஆனா நாளைக்கு என்னால போக முடியாது அண்ணி. அரங்கம் கைவிட்டுப் போனாலும்...

அண்ணி: போகாது. அவங்க அப்படியெல்லாம் கேட்கவே இல்ல, நீயா வாயைத் திறக்கட்டும்னுதான் போ போன்னு விரட்டினேன். உங்க அண்ணனுக்கும் ஒண்ணும் தெரியாது. கார்டை முழுசாக் கேட்டது நான் மட்டும்தான்... நீ தட்டுறதை விட்டுட்டு 'அண்ணி, அண்ணி'ன்னு கூப்பிட ஆரம்பிச்சே பாரு, அந்த இடத்துல வெட்டிட்டுத்தான் நான் வாசிக்க ஆரம்பிச்சேன்.