பாதி விலை லென்ஸ்

விலை பாதி என்றால் தரமும் பாதிதான் என்று அடித்துச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை, சார். இரண்டு வைடு லென்ஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் அகலமான காட்சியை அடக்கும், இரண்டும் மங்கல் வெளிச்சத்தில் படம் பிடிக்கும். விலை கூடியதில் படத்தின் மூலைகள் கொஞ்சம் தெளிவாக இருக்கும், அவ்வளவுதான். மூலையை எவன் பார்க்கப்போகிறான்? என் தம்பி பார்த்தான்.

லென்ஸ்களை ஒப்பிட்டு நாங்கள் இருவரும் வீடியோ போட்டுவந்தோம். படமெடுப்பது அவன், பேசுவது நான். பார்க்கிறவர்களோ, "அண்ணன் அளக்கறது இருக்கட்டும், தம்பி என்ன சொல்றார்?" என்று எழுதுவார்கள். வயிற்றெரிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா போன பிறகு அவனைத் தோளில் தூக்கிச் சுமந்தவன் நான். அவன்மீது எனக்கு உயிர்.

போன மாதம் வந்து, "இனிமே தனியா பண்ணிக்கிறேண்ணா," என்றான். சரி என்றேன். கடைசியாக ஒரு வீடியோ சேர்ந்து செய்வோம் என்று நான்தான் கேட்டேன். அவனும் மறுக்கவில்லை.

பாதி கட்டிய கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடிக்குப் போனோம். பகலிலும் உள்ளே இருட்டு, இந்த லென்ஸ்களைச் சோதிக்கத் தோதான இடம். கைப்பிடிச் சுவர் மட்டும் இன்னும் எழும்பவில்லை. வைடு லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு, காலடியில் இருப்பதையும் தூரத்தில் இருப்பதுபோலக் காட்டும். தம்பி கேமராவின் வியூஃபைண்டரில் வைத்த கண்ணை எடுக்கமாட்டான், அப்படியே நடப்பான். பின்னால் நின்று அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வது என் வேலை. நான் இழுத்தால் நின்றுவிடுவான். எத்தனையோ மாடி விளிம்புகளில் அப்படித்தான் எடுத்திருக்கிறோம்.

விலை கூடியதில் எடுத்து முடித்துவிட்டு, மற்றதை மாட்டினான். கீழே தெருவைப் பார்த்துக்கொண்டே மெல்ல முன்னேறினான்.

"நீ சொன்னது தப்புண்ணா. மூலையெல்லாம் கரைஞ்சு போகுது," என்றான். குரலில் கேலி இல்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டான், அதுதான் தாங்கவில்லை.

சட்டை தளர்ந்தது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "புடிச்சிருக்கியாண்ணா?" என்று கேட்டான்.

"புடிச்சிருக்கேன், போடா," என்றேன். என் கை அப்போது என் பாக்கெட்டில் இருந்தது.

கம்பியில் தடுக்கி விழுந்தான் என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய். நான் தள்ளவில்லை, விட்டுவிட்டேன். அவன் மனைவி என் காலடியில் உட்கார்ந்து, "நீங்க கூட இருக்கீங்கன்னுதானே அனுப்பினேன் மாமா," என்று அழுதபோது நானும் அழுதேன். அந்த அழுகை நடிப்பில்லை, சார். இன்றுவரை அது நிற்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்ததும் அந்த வீடியோவை நானே போட்டேன். விலை கூடிய லென்ஸ்தான் சிறந்தது, தம்பி சொன்னதுதான் சரி என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். அண்ணன் என்கிற முறையில் அவனுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.