டபுளுக்குப் பின் மூன்று ஹார்ட்டின்

என் தங்கைக்குச் சீட்டைக் குலுக்கவே தெரியாது. அவள் குலுக்கினால் இரண்டு சீட்டாவது மேசைக்கு அடியில் போய் விழும். அதற்கெல்லாம் நான் அவளைக் கடிந்துகொண்டதே இல்லை, சார். கிளப்பில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் பிரிட்ஜ் ஆடுவதில்லை என்றீர்கள். எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. சீட்டைக் காட்டக்கூடாது, ஏலத்தில் கேட்கும் எண்ணை வைத்துத்தான் கூட்டாளி நம் கையைப் புரிந்துகொள்ள வேண்டும். அவள் ஒரு ஹார்ட்டின் கேட்கிறாள். எதிராளி ‘டபுள்’ என்கிறான். மற்ற ரகங்கள் தன்னிடம் இருக்கின்றன என்று அதற்குப் பொருள். அதன்பின் நான் ஒரேயடியாக மூன்று ஹார்ட்டினுக்குத் தாவினால், என்னிடம் ஹார்ட்டின் நாலு இருக்கிறது, மற்றபடி கை காலி, எதிராளியின் வாயை அடைக்கத்தான் கேட்கிறேன் என்று கணக்கு. நல்ல கை வந்தால் வேறு விதமாகக் கேட்பேன். சாப்பிடும்போது, காரில் போகும்போது, அவள் துணி மடிக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இறுதி ஆட்டத்தில் அப்படியே அமைந்தது. நான் மூன்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்தது. நேராக ஆறுக்குப் போய்விட்டாள், அதற்குப் பதின்மூன்று சுற்றில் பன்னிரண்டை ஜெயிக்க வேண்டும். கோப்பை கைநழுவியது. அதுகூடப் பரவாயில்லை. எதிராளிகளோடு சேர்ந்து சிரித்தாள்.

“அண்ணன் தூக்கிவிட்டாரு, நம்பி ஏறிட்டேன்” என்றாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. நாலு பேர் முன்னால் பேசுவது என் வழக்கமில்லை. பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் பின்னறைக்கு அழைத்துப்போனேன். அங்கே ஒரே தூசி. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. இன்ஹேலரைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுவாள் என்று அதை எப்போதும் நான்தான் சட்டைப்பையில் வைத்திருப்பேன். அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது.

“அதக் குடுண்ணா.”

“தரேன். டபுளுக்கு அப்புறம் நான் மூணுக்குத் தாவினா என்ன அர்த்தம்?”

“நல்ல கை.”

“யோசிச்சுச் சொல்லு.”

நான் கதவில் சாய்ந்து நின்றிருந்தேன். அவள் என் சட்டைப்பையைப் பிடித்தாள், விரல்களை எடுத்துவிட்டேன். அடிக்கவில்லை. உதடு நீலமாகி வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தேடியும் இன்ஹேலர் கிடைக்கவில்லை என்று டாக்டரிடம் சொன்னது பொய். கொடுத்திருந்தால் தெம்பு வந்து, கேள்வியை மறந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருப்பாள்.

தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்து அவள் வாயருகே காதை வைத்தேன்.

“ஒண்ணுமில்லாத... கை” என்றாள்.

உடனே எடுத்து நீட்டினேன். வாங்க அவள் கை எழவில்லை.

அவள் மண்டையில் எதுவும் ஏறாது என்று கிளப்பில் எல்லோரும் சொல்வார்கள். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் ஏறும், சார்.