அக்கினி மூலைக்கு நான் மாற்றிய காஸ் கணப்பு

பெயர் வேலாயுதம் சச்சிதானந்தன். வயது அறுபத்திரண்டு. முகவரி ஒஸ்லோ, புருசெத், தொடர்மாடி வீடு, நான்காம் மாடி. தொழில் பாடசாலைத் துப்புரவு. எனக்குக் கீழே ஒருவர் வேலை செய்வதால் மேற்பார்வையாளர் என்றும் எழுதலாம். படிப்பு எட்டாம் வகுப்பு, ஆனால் அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு. முப்பத்துநான்கு வருடமாக நோர்வேயில் இருக்கிறேன். நோர்வேஜிய மொழி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, என்றாலும் சட்ட விடயம் என்றபடியால் தமிழில் என் கையாலேயே எழுதுகிறேன். மொழிபெயர்ப்பாளர் வினோஜா பக்கத்தில் இருந்து ஒவ்வொரு தாளையும் அதிகாரிக்கு வாசித்துச் சொல்கிறார். என்னை ஒருவரும் அழைக்கவில்லை. 2024ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி புதன்கிழமை காலை நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

வந்த காரணம், ஒஸ்லோவில் பியோர்ண்டால் பகுதியில் என் அக்கா மகளின் பக்கத்து வீட்டு அம்மா பெரித் நச்சுக் காற்றில் மயங்கிக் கிடந்த விடயத்தில் அந்த மகளின் கணவன் நிதுசன் மேல் விசாரணை நடக்கிறது. அந்த வேலையை நிதுசன் செய்யவில்லை. நான் செய்தேன். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

நிதுசன் என் அக்கா சத்தியபாமாவின் மகள் ஆரபியைக் கட்டியவன். காஸ் குழாய் பொருத்துவதற்குச் சான்றிதழ் எடுத்து ஒரு கம்பனியில் வேலை செய்கிறான். போன வருடக் கடைசியில் இருவரும் பியோர்ண்டாலில் ஒரு தொடர்வீடு வாங்கினார்கள். அங்கே பழைய விறகுக் கணப்பு இருந்தது, ஆரபிக்கு இழுப்பு, விறகுப் புகை ஆகாது. ஆகவே அதைக் கழற்றிவிட்டுக் காஸில் எரியும் கணப்பு வைப்பதென்று முடிவெடுத்தார்கள். அதன் பின்னர் தெரிவு செய்வதற்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் எண்ணெய் நகரமான ஸ்தவாங்கரில் பதினொரு வருடம் எண்ணெய், காஸ் வேலை செய்தவன் என்பது ஒஸ்லோவில் உள்ள எல்லாத் தமிழருக்கும் தெரிந்த கதை.

பத்துக் கடை ஏறி இறங்கினோம். ஆரபி இரண்டு கடை என்றுதான் சொல்லியிருக்கிறாளாம், அதிகாரி கேட்டார், அப்படியானால் இரண்டு. விற்பனையாளரிடம் அமுக்கம் எவ்வளவு என்று கேட்டேன். அவர் ஓர் இலக்கம் சொன்னார். காணாது என்று தலையாட்டினேன். நிதுசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த பெரியதைத்தான் நான் காட்டினேன், நிதுசன் ஒரு பக்கக் கண்ணாடியும் உள்ளே பொய்க் கொள்ளிகளும் உள்ள சிறியதை எடுத்தான். பிறகு கோவிலில் ஆட்களுக்கு அதையும் நான் தெரிவு செய்ததாகத்தான் சொன்னேன்.

13ஆம் திகதி சனிக்கிழமை நிதுசன் தனியாக அதைப் பொருத்தினான். இடம் வரவேற்பறையின் வடமேற்கு, வெளிச்சுவர். புகைக்குழாய் கை முழம் அளவுதான், நேரே வெளியே போனது. அதன் பின்னர் எல்லா மூட்டிலும் சவர்க்கார நீர் பூசிப் பார்த்தான். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் பின்னர் சுவரில் காஸோ நச்சுக் காற்றோ கசிந்தால் கத்தும் காஸ் எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் பூட்டி, முடிவுப் படிவத்தில் கையெழுத்து வைத்தான். அந்தப் படிவத்தில் வீட்டு முகவரியும் கணப்பின் இலக்கமும் அவனுடைய சான்றிதழ் இலக்கமும் மட்டும்தான் உண்டு, எந்தச் சுவரில் இருக்கிறது என்று எழுத இடமில்லை. 15ஆம் திகதி திங்கட்கிழமை கம்பனி வேலையாக ஒரு கிழமைக்கு ஸ்தவாங்கர் போய்விட்டான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை அக்கா வீடு பார்க்க வந்தா. வெள்ளிக்கிழமை குடிபுகல் வைத்திருந்தோம். கைபேசியில் திசை பார்த்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்தவ கணப்புக்கு முன்னால் நின்றுவிட்டா. அது வாயு மூலை, நெருப்பு தென்கிழக்கில் அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டும், இப்படி இருக்கும்வரை இந்த வீட்டில் பால் காய்ச்ச வரமாட்டேன் என்று சொல்லி, போட்டிருந்த குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே வாசலில் போய் நின்றா. ஆரபி அழுதாள். கணப்பைத் தூக்கி அக்கினி மூலையில் வைப்பது எனக்கு அரை நாள் வேலை என்று சொன்னேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

ஆரபி நிதுசனுக்குப் போன் எடுத்து என்னிடம் தந்தாள்.

“மாமா, அதைத் தொடாதேங்கோ. திங்கள் வந்து நான் பாக்கிறன்” என்றான்.

“தம்பி, நீ பிறக்க முன்னமே காஸோட சீவிச்சவன் நான்” என்றேன்.

அவன் எதிர்த்துக் கதைக்கிற பிள்ளை இல்லை. போனை வைத்துவிட்டான்.

அதன் பின்னர் ஆரபி தாய்க்குக் கேட்காதபடி மெதுவாக என்னிடம் கேட்டாள்: “மாமா, உண்மையா உங்களுக்கு இந்த வேலை தெரியுமோ?”

“ஓம்” என்றேன்.

17ஆம் திகதி புதன்கிழமை வேலையைச் செய்தேன். தென்கிழக்கு மூலை வெளிச்சுவர் அல்ல, பக்கத்து வீட்டு பெரித் அம்மாவின் படுக்கையறைக்கும் எங்களுக்கும் பொதுவான சுவர். ஆகவே குழாயை அந்தச் சுவரோடு மூன்று மீற்றர் கொண்டுபோய்த்தான் வெளியே விடலாம். கூடுதல் குழாய் வாங்கி வந்து பூட்டினேன், அதன் மேல் பலகை அடித்து வெள்ளைப் பூச்சு அடித்தேன். அந்தச் சுவரில் பெரித் அம்மாவின் அறைக்குத் திறக்கும் ஒரு பழைய காற்றுத் துவாரம் இருந்ததை அடைக்காமல் பலகைக்குள் விட்டுவிட்டேன். வடமேற்கில் முதல் குழாய் போன துவாரத்தை வெளியே பலகையாலும் உள்ளே சாந்தாலும் மூடி, முன்னால் சப்பாத்து அலுமாரியைத் தள்ளி வைத்தேன். அலுமாரியை இழுத்தால் நீங்களே பார்க்கலாம். ஒன்பது மணித்தியாலம் எடுத்தது, ஆட்களுக்கு மூன்று என்று சொன்னேன். மூட்டியதும் நன்றாக எரிந்தது. பின்னேரம் கண்ணாடியில் கரி படிந்தது. புதுச் சாமான் அப்படித்தான் என்று ஆரபிக்குச் சொன்னேன். சவர்க்கார நீர் பூசிப் பார்க்கவில்லை.

19ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை குடிபுகல். முந்நூறு பேர் வந்தார்கள். அதிகாரி அறையின் அளவைக் கேட்டார், முப்பது என்று திருத்திக்கொள்கிறேன். பெரித் அம்மாவும் பூச்சாடி ஒன்றோடு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு முன் கதிரையில் இருந்தா. பால் பொங்கி வழிந்ததும் மின்னடுப்பு கூவிக்கொண்டு தானாக அணைந்துவிட்டது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அக்கினி மூலையில் நெருப்பு எரிவதைப் பார்த்துச் சமாதானமானா. அதன் பின்னர் சாம்பிராணி போட்டு, கற்பூரம் காட்டும்போது சுவரில் இருந்த காஸ் கருவி கத்தத் தொடங்கியது.

இதை விளக்கமாக எழுதச் சொல்லி அதிகாரி கேட்டார். எங்கள் ஆட்களின் வீடுகளில் பூசை என்றால் புகைக் கருவியை முதலே கழற்றிவிடுவோம், அது வழக்கம். கற்பூரப் புகைக்கு அது எப்போதும் கத்தும். இது புகைக் கருவி அல்ல, காஸ் கருவி என்பது எனக்குத் தெரியும், நிதுசன் பூட்டும்போது சொன்னவன். ஆனால் கத்துகிற சத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதிரையில் ஏறிக் கழற்றினேன். கழற்றியும் கத்தியபடியால் துவாயில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினேன். இதுக்கெல்லாம் ஸ்தவாங்கர் ஆள் வேணும் என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கருவியைத் திரும்பப் பூட்டவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவுக்குத் தலையிடித்தது, விரதம் என்று நினைத்தோம். என் மனைவி ராசமலர் சத்தி எடுத்தா, பாயாசம் கூடிவிட்டது என்று நினைத்தோம். முதல் நாள் வைத்த நெருப்பை அணைக்கக் கூடாது என்று அக்கா சொன்னபடியால் கணப்பை எரிய விட்டோம். ராசமலரும் நானும் புருசெத்துக்குத் திரும்பினோம், ஆரபியும் அக்காவும் மேல்மாடியில் படுத்தார்கள். ஆரபி இங்கே பிறந்த பிள்ளை, எந்தக் குளிரிலும் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் படுப்பாள். பெரித் அம்மா அந்தச் சுவருக்கு மற்றப் பக்கம் படுத்திருந்தா.

20ஆம் திகதி சனிக்கிழமை காலை பத்து மணிபோல் அவவின் மகள் போன் எடுத்துப் பதில் இல்லாமல் நேரில் வந்து திறந்து பார்த்து அம்புலன்சை அழைத்ததாக அறிகிறேன். தீயணைப்பு ஆட்கள் இரண்டு வீட்டுக் காற்றையும் அளந்து பார்த்துவிட்டு எங்கள் காஸை மூடினார்கள். பெரித் அம்மா மூன்றாம் நாள் கண் விழித்தா. போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தா, இடது கைக்கு இன்னும் பிடிமானம் வரவில்லை. நான் யார் என்று அவவுக்கு ஞாபகம் வரவில்லை. நானும் சொல்லவில்லை.

22ஆம் திகதி திங்கட்கிழமை நிதுசன் விமான நிலையத்திலிருந்து பையோடு நேரே வீட்டுக்கு வந்தான். மூலையைப் பார்த்தான். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் பொலிசுக்குப் போய், அந்த இடத்தில் பொருத்தியதும் கையெழுத்து வைத்ததும் தான்தான் என்று சொல்லிவிட்டான். அதன் பின்னர் கம்பனி, விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்றது. பிழை அவனுடையது என்று முடிந்தால் சான்றிதழைப் பறிப்பார்கள், இந்த நாட்டில் அவன் திரும்பக் காஸ் குழாயைத் தொட முடியாது. ஆரபி சொன்னாள், அவன் ஒவ்வொரு நாளும் ஆறரைக்கு எழும்பி, வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டு, சோபாவில் வந்து இருக்கிறானாம்.

ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தான். ஏனப்பா இப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“நான் வேற வேலை பாப்பன், மாமா. உங்களை இந்த வயசில கொண்டுபோய் மறியலில இருத்தினால் மாமி என்ன செய்வா?” என்றான்.

நான் இதுவரை எங்கே போனாலும் கதைத்துத்தான் வெளியே வந்திருக்கிறேன். அன்றைக்குப் பஸ்சைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் அதிகாரி, ஸ்தவாங்கரில் அனுபவம் உள்ளவர் இப்படி வேலை செய்வாரா என்று கேட்டார். பதில்: நான் ஸ்தவாங்கரில் பதினொரு வருடம் இருந்தது உண்மை. எண்ணெய்க் கம்பனி ஆட்கள் வந்து தங்கும் ஹோட்டல் ஒன்றின் குசினியில் கோப்பை கழுவினேன். காஸ் என்று நான் தொட்டது அந்தக் குசினி அடுப்பின் திருகு மட்டும்தான், அதுவும் துடைப்பதற்கு. கலியாணம் பேசும்போது எண்ணெய்க் கம்பனி என்று எழுதிப்போட்டேன், பிறகு அதை மாற்ற இடம் வரவில்லை. இதை எழுதியதும் வினோஜா வாசித்த தாளைக் கீழே வைத்துவிட்டு, தான் இங்கே கேட்பதை வெளியே கதைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று எனக்குச் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார்.

நேற்றுப் பின்னேரம் ராசமலருக்கும் இதைச் சொன்னேன். அவ உடுப்பு மடித்துக்கொண்டு இருந்தா.

“எனக்குத் தெரியும். வந்த நாளிலயிருந்து உங்கட கை சவர்க்காரம்தானே மணந்தது” என்றா.

அதன் பின்னர் காலையில் நான் போட்டுக்கொண்டு வர என் நல்ல சேட்டை எடுத்து வைத்தா.

இதுவரை எழுதியதை வினோஜா வாசித்து முடித்த பின்னர் அதிகாரி, பெரியவர்கள் பிள்ளைகளுக்காகப் பழியை ஏற்பதைத் தான் கண்டிருப்பதாகவும், வீட்டு ஆட்களின் சாட்சி மட்டும் காணாது என்றும், நிதுசன் போகுமுன் தானே மாற்றிவிட்டுப் போனான் என்றும் இருக்கலாமே என்றும் சொன்னார். நான் எவ்வளவோ சொன்னேன். அவர் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் களைத்துப் போனது. மற்ற நேரம் என்ன சொன்னாலும் நம்புகிறார்கள்.

அதன் பின்னர் அவர் வெளியே போய், காஸ் தொழில் தெரிந்த ஒரு பெண்மணியைக் கூட்டி வந்தார். அவ மேசையில் இரண்டு துண்டுப் புகைக்குழாயும் ஒரு றப்பர் வளையமும் வைத்து, அன்றைக்குப் பூட்டியது போலவே பூட்டச் சொன்னா. நேற்று நிதுசனுக்கும் இதே சாமானைக் கொடுத்ததாக வினோஜா மொழிபெயர்த்தார். நான் சேட்டுக் கையை மடித்துவிட்டேன். இவ்வளவு நாளும் சொல்லித் திரிந்த வேலையை இவர்களுக்கு முன்னால் ஒழுங்காகச் செய்து காட்ட வேண்டும் என்று நினைத்தேன், எனக்குத் தெரிந்த முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வளையத்தைக் காப்புப் போடுவது போல முதல் குழாயின் வெளியே இழுத்து மாட்டினேன். மற்றக் குழாயை அதோடு முட்ட வைத்து அழுத்தினேன். பிறகு மேசையைச் சுற்றிப் பார்த்து, வெள்ளி நிற ஒட்டுநாடா எங்கே, மூன்று சுற்றுச் சுற்ற வேண்டுமே என்று கேட்டேன்.

அந்தப் பெண்மணி அதிகாரியைப் பார்த்தா. அதிகாரி கோப்பிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார். பியோர்ண்டால் சுவரிலிருந்து கழற்றிய குழாயின் படம். வெளியே காப்புப் போல வளையம், அதன் மேல் வெள்ளி நாடா, மூன்று சுற்று. நாடாவைப் பற்றி அவர்கள் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லையாம். வளையம் குழாயின் உள்ளே உள்ள பள்ளத்தில் இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்மணி விரலால் தொட்டுக் காட்டினா. அப்படி ஒரு பள்ளம் இருப்பதை நான் அப்போதுதான் கண்டேன். நிதுசனை எப்படிப் பிழை விட்டாய், பூட்டிக் காட்டு என்று இரண்டு தரம் கேட்டார்களாம். இரண்டு தரமும் அவன் கை சரியாகத்தான் பூட்டியதாம்.

நிதுசன் நாளைக்கு வேலைக்குப் போகலாமா என்று கேட்டேன். அதைத் தான் இப்போது சொல்ல முடியாது, ஆனால் என் தாள்களை அவனுடைய கோப்பில் இன்றே சேர்ப்பதாக அதிகாரி சொன்னார்.

கடைகளின் எண்ணிக்கையும் ஆட்களின் எண்ணிக்கையும் நான் கூட்டி எழுதி, கேட்டதும் திருத்தியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி, என்னை ஒருவரும் வெருட்டவோ ஆசை காட்டவோ இல்லாமல், என் சொந்தக் கையால் எழுதியது. திரும்ப வாசிக்கக் கேட்டேன். நான் செய்தேன் என்ற வரியின் கீழ் கோடு போடலாமா என்று கேட்டதற்கு, தேவையில்லை, அது தெளிவாக இருக்கிறது என்றார்கள்.

(ஒப்பம்) வே. சச்சிதானந்தன்
ஒஸ்லோ, 31.01.2024, பிற்பகல் 2.40